பொத்தானுக்குப் பின்னால் ஆள் வேண்டும்: தொண்டு நிறுவனத்துக்கு இணையத்தளம் அமைக்கும்போது

கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனம் இணையத்தளம் செய்ய வேண்டும் என்று கூப்பிட்டால், நாங்கள் முதலில் கேட்டு வாங்குவது அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடக்கும் கொப்பியை. லோகோ, நிறம், பிடித்த தளங்களின் பட்டியல் எல்லாம் பிறகு. அந்தக் கொப்பியில் இப்படித்தான் எழுதியிருக்கும்: “கணக்கு இலக்கம் வட்ஸ்அப்பில் அனுப்பவும்.” “அம்மாவின் ஆண்டுத் திதி, மத்தியானச் சாப்பாடு, எவ்வளவு?” “பழைய உடுப்பு எடுப்பீர்களா?” “லண்டனிலிருந்து காசு போட்டது, ரிசீட் வரவில்லை.” “சக்கர நாற்காலிக்கு யாரிடம் கேட்க வேண்டும்?” கொப்பி இல்லாத இடத்தில், இரண்டு வாரத்துக்கு வரும் அழைப்பையெல்லாம் ஒரு வரியாவது எழுதி வைக்கச் சொல்கிறோம். தளத்தில் என்னென்ன பக்கம் வேண்டும், எது முன்னுக்கு நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெரும்பாலான தொண்டுத் தளங்கள் நிர்வாகக் குழுவின் கண்ணுக்காகக் கட்டப்படுகின்றன. முகப்பில் தலைவரின் ஆசிச் செய்தி, தூரநோக்கு, பணிக்கூற்று, குத்துவிளக்கு ஏற்றும் படங்கள் தாமாக நகரும் பட்டி. அந்தப் பட்டியின் இரண்டாவது படத்தை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை; ஆனால் ஐந்து படமும் வந்தவரின் டேட்டாவைத் தின்றுவிடும். முகப்புக்கு வேண்டியது குறைவு. யாருக்கு, எங்கே, என்ன செய்கிறோம் என்று ஒரே வசனம். தொட்டவுடன் அழைப்புப் போகும் தொலைபேசி இலக்கம். உதவ வந்தவருக்கு ஒன்றும் உதவி தேடி வந்தவருக்கு ஒன்றுமாக இரண்டு பெரிய பொத்தான். அண்மையில் செய்த வேலை ஒன்று, திகதியோடு. கடைசிச் செய்தி மூன்று வருடப் பழசு என்றால், பணம் போட வந்தவர் நிறுவனம் மூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். மாதம் ஒரு பதிவு எழுத ஆள் இல்லாவிட்டால் ‘செய்திகள்’ பகுதியே வேண்டாம்.

இந்த அளவுகோலைத் தளம் முழுவதற்கும் பிடிக்கிறோம். ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். ‘தொண்டராக இணைய’ என்ற படிவத்தை ஒரு மாணவி நிரப்புகிறாள். அவளுக்கு யார், எத்தனை நாளில் பதில் எழுதுவார்? திட்டமிடும் நாளிலேயே ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பொத்தான், பொறுப்பாளர், பதில் போக வேண்டிய கால அவகாசம். நடுக் கட்டம் வெறுமையாக நிற்கும் பொத்தானை வெட்டிவிடுங்கள். எட்டுப் பக்கத்தில் நிற்கும் தளம், பதில் வராத முப்பது பக்கத் தளத்தைவிட நிறுவனத்தின் பெயரைக் காக்கும்.

உதவி தேடி வருபவர்

நன்கொடையாளரை நினைத்தே எல்லாம் எழுதப்படுவதால், உதவி தேவைப்படுபவர் ஆங்கிலப் பந்திகளுக்கிடையில் தொலைந்துபோகிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய அன்ட்ராய்ட் போன், கொஞ்சம் கொஞ்சமாக ரீலோட் பண்ணும் டேட்டா. அவருக்கான பக்கத்தில் எந்த உதவி, யாருக்கு, என்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் (கிராம உத்தியோகத்தரின் சான்று, வைத்தியரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி), அலுவலகம் எந்த நாள் எத்தனை மணிக்குத் திறக்கும், போயா நாளில் பூட்டா, முடிவு தெரிய எவ்வளவு நாளாகும் என்பன இருக்க வேண்டும். காலி வீதியில் எந்த பஸ் தரிப்பில் இறங்கி எந்த ஒழுங்கையால் நடக்க வேண்டும் என்ற இரண்டு வரி, பலருக்கு கூகுள் வரைபடத்தைவிடப் பயன்படும்.

செய்யாததையும் எழுதுங்கள். வீட்டுக் கடனுக்கு உதவுவதில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவரின் ஒரு நாள் கூலி மிஞ்சும். பக்கத்தின் அடியில் சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938, மனநல ஆலோசனைக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990 ஆகிய இலக்கங்களைத் தொட்டு அழைக்கும்படி வையுங்கள்.

இந்தப் பக்கத்தில் நீண்ட படிவம் வைப்பதற்கு நாங்கள் உடன்படுவதில்லை. நோய், கடன், வீட்டுக்குள் நடக்கும் அடி எல்லாம் எழுத்தாகி ஒரு பொது மின்னஞ்சலுக்கு வந்து, அதை அலுவலகத்தில் உள்ள எல்லோரும் வாசிக்கும் நிலை உண்டாகும். பெயர், தொலைபேசி இலக்கம், அழைக்க வசதியான நேரம் இவை போதும். மிச்சத்தை ஒருவர் கதைத்துக் கேட்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவையும் பிள்ளை பற்றிய தரவையும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது. வாங்கி வைத்தால் காக்கும் பொறுப்பும் உங்களுடையது.

பணம் வரும் வழி

உள்ளூர் நன்கொடையின் பெரும் பங்கு இன்னும் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. ஆகவே கணக்கு விவரம்தான் தளத்தின் மிக முக்கியமான வரி. அதைப் படமாகப் போடக்கூடாது. எழுத்தாக இருந்தால்தான் பிரதி எடுத்து வங்கிச் செயலியில் ஒட்டலாம். படத்தைப் பார்த்துப் பார்த்து இலக்கம் அடிக்கும்போது ஒன்று தவறும். கணக்கின் பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் மாறாமல். வங்கி, கிளை, கிளைக் குறியீடு, இடைவெளி விடாத கணக்கு இலக்கம், பக்கத்தில் ‘பிரதி செய்’ பொத்தான். இடைவெளி விட்டால் வாசிக்க அழகு. ஆனால் சில செயலிகள் ஒட்டும்போது கடைசி இலக்கங்களை வெட்டிவிடும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோருக்கு, வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடும் வங்கியின் முகவரியும் தனியாக வேண்டும்.

அடுத்த சிக்கல் பணம் வந்த பிறகு தொடங்குகிறது. கணக்கில் 5,000 ரூபா விழுந்திருக்கும், யார் போட்டார் என்று தெரியாது. பற்றுச்சீட்டு போகாது; கொடுத்தவர் மனம் கசந்து அடுத்த முறை வேறு இடத்துக்குக் கொடுப்பார். இதற்கு, குறிப்புக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கணக்கு இலக்கத்துக்குக் கீழேயே சொல்லிவிடுங்கள்: நோக்கத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, அதன்பின் தன் தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கம். பல வங்கிச் செயலிகளின் குறிப்புக் கட்டம் தமிழை ஏற்காது, நீளமாகவும் விடாது. அதனால்தான் இவ்வளவு சுருக்கம். கூடவே ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்ற சிறு படிவம்: பெயர், தொகை, திகதி, தொலைபேசி. கணக்காளர் காலையில் வங்கிக் கூற்றையும் இந்தப் பட்டியலையும் வைத்துப் பொருத்திவிடலாம்.

கணக்கு இலக்கத்தை மாற்றிய போலிப் படங்கள் வட்ஸ்அப்பில் சுற்றும், அனர்த்த காலத்தில் இன்னும் அதிகமாக. “இந்தப் பக்கத்தில் உள்ளதைத் தவிர வேறு கணக்கு எங்களுக்கு இல்லை, தனிநபர் கணக்கில் பணம் பெறுவதில்லை” என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். தளத்துக்குள் புகுந்து இலக்கத்தையே மாற்றும் ஆபத்தும் இருக்கிறது. மாதம் முதலாம் திகதி இரண்டு பேர் வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தில் உள்ளதைச் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

வங்கிச் செயலியால் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பும் லங்கா கியூஆர் குறியை இணையப் பக்கத்தில் மட்டும் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பக்கத்தைப் பார்க்கும் போனாலேயே அந்தத் திரையை ஸ்கேன் பண்ண முடியாது. படத்தைச் சேமிக்கும் பொத்தானும், வங்கிச் செயலியில் சேமித்த படத்திலிருந்து எப்படி எடுப்பது என்ற ஒரு வரியும் கூட இருக்க வேண்டும். அச்சடித்து மேசையில் நிறுத்தும்போதுதான் அந்தக் குறி முழுப் பயன் தரும்.

வங்கி அட்டையால் பணம் பெற உள்ளூர் கட்டண நுழைவாயில் ஒன்று தேவை; அட்டைப் பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு அனுப்பும் சேவை அது. பேஹியர், வெப்எக்ஸ்பே போன்றவை இங்கே இயங்குகின்றன. ஸ்ட்ரைப் என்ற வெளிநாட்டு நுழைவாயில் இலங்கையில் பதிவான நிறுவனத்துக்குக் கணக்குத் திறப்பதில்லை. அதை நம்பி எழுதிய வெளிநாட்டு நன்கொடைச் செருகுநிரலை (பிளகின்) காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பிறகு தலையைப் பிடிக்க வேண்டாம். நுழைவாயிலுக்கு விண்ணப்பிக்கும்போது பதிவுச் சான்றிதழ், நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, தளத்தில் விதிமுறை, தனியுரிமை, பணம் மீளளிப்பு ஆகிய பக்கங்கள் எல்லாம் கேட்பார்கள். நன்கொடைக்கு ஏன் மீளளிப்பு என்று குழுவில் யாராவது கேட்பார். 500 என்று நினைத்து 50,000 அடித்துவிட்டவருக்காக அது. எத்தனை நாளுக்குள் அறிவித்தால் திருப்புவீர்கள் என்று எழுதிவிடுங்கள். அட்டை இலக்கம் உங்கள் தளத்தைத் தொடவே கூடாது. அந்தக் கட்டம் நுழைவாயிலின் பக்கத்திலேயே நடக்கட்டும்.

திருட்டு அட்டைகளைப் பரீட்சித்துப் பார்ப்பவர்கள் நன்கொடைப் படிவங்களைத் தேடி வருவார்கள். பொருள் அனுப்ப முகவரி வேண்டாம், எந்தத் தொகையும் போகும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு இது வசதியான இடம். அடையாளம் இதுதான்: நடுநிசியில் பத்து ரூபா, இருபது ரூபாவாக நூற்றுக்கணக்கான முயற்சிகள், பெரும்பாலானவை தோல்வி. கவனிக்காமல் விட்டால் நுழைவாயில் கணக்கை நிறுத்திவிடும். குறைந்தபட்சத் தொகை 500 ரூபா, மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை, ஒரே இடத்திலிருந்து மணிக்கு மூன்று நான்கு முயற்சிக்கு மேல் விடாத கட்டுப்பாடு, ஓடிபி கட்டாயம் இவை நான்கும் முதல் நாளே இருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்துக்குக் கணக்கு வேறு. பிரித்தானியாவில் வரி கட்டுபவர் அங்கே அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்புக்குக் கொடுத்தால் ‘கிஃப்ட் எய்ட்’ மூலம் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து சேரும். 100 பவுண் 125 ஆகும். கொழும்புக் கணக்குக்கு நேரே அனுப்பினால் அந்த 25 கிடையாது. கனடாவிலும் வரிச்சலுகைக்கான பற்றுச்சீட்டை அங்கே பதிவு பெற்ற அமைப்புத்தான் கொடுக்க முடியும். உங்களுக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ சகோதர அமைப்பு இருந்தால், ‘நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?’ என்று முதலில் கேட்டு அந்தந்த வழிக்கு அனுப்புங்கள்.

தொகைப் பொத்தான்களை வாய்க்கு வந்தபடி போடக்கூடாது. ஒரு பிள்ளையின் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று சொல்லப் போகிறீர்களா? கடைசி மூன்று மாதத்து அரிசி, மரக்கறி, மளிகை பில்லோடு காஸ் சிலிண்டரையும் சமையல்காரரின் சம்பளத்தையும் கூட்டி, பரிமாறிய சாப்பாட்டின் எண்ணிக்கையால் வகுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டுச் சொல்லும் தொகை பார்க்கக் குறைவாக இருக்கும். மாதக் கடைசியில் அந்தத் துண்டு எங்கிருந்து வரும்? நிர்வாகச் செலவு இருப்பதை மறைப்பதைவிட, அது எவ்வளவு, எதற்கு என்று காட்டும் நிறுவனத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். பதிவிலக்கம், நிர்வாகக் குழுவினரின் பெயர், கணக்காய்வு செய்த ஆண்டறிக்கை மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்க வேண்டும். அறிக்கையை ஸ்கேன் பண்ணி 40 மெகாபைட் பிடிஎஃப் ஆகப் போடாதீர்கள். வருமானம், செலவு, மிச்சம் என்று பத்து வரி அட்டவணையைப் பக்கத்திலேயே எழுதிவிட்டு முழு அறிக்கைக்கு இணைப்புக் கொடுங்கள்.

முஸ்லிம் நன்கொடையாளருக்காக ‘ஸகாத்’ (இஸ்லாத்தின் கட்டாயக் கொடை) என்ற தெரிவைச் சேர்ப்பதாக இருந்தால், அதற்குத் தனிப் பதிவேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸகாத் பணம் தகுதியுள்ளோரைத்தான் சேர வேண்டும். கட்டட நிதிக்கோ அலுவலக வாடகைக்கோ கலந்துவிடக்கூடாது. பிரித்து வைக்க வழியில்லாத நிறுவனம் ஸதகா என்ற பொது நன்கொடையோடு நிற்பதுதான் நேர்மை.

ஒரு நேரச் சாப்பாடு

சிறுவர் இல்லம், முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்குத் தளத்தில் அதிகம் பயன்படும் பகுதி இதுதான். பிறந்தநாள், முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திதி, திருமண நாள் என்று ஒரு நேரச் சாப்பாட்டைப் பொறுப்பெடுக்கும் வழக்கம் எங்கள் சனத்திடம் ஆழமாக ஊறியது. இதற்கு உடனே உறுதியாகும் முன்பதிவு முறை ஒன்றை ஆசையோடு கட்டிவிடுவார்கள். பிறகு நடப்பது: இணையத்தில் ஒருவர் 14ஆம் திகதி மத்தியானத்தை எடுக்கிறார், அதே மத்தியானத்தை இன்னொருவர் தொலைபேசியில் மேட்ரனிடம் சொல்லி அவர் கொப்பியில் எழுதிவிட்டார். அன்றைக்கு இரண்டு குடும்பம் சாப்பாட்டோடு வாசலில் நிற்கும். இரண்டில் ஒன்று, இறந்துபோனவரை நினைத்து வந்த குடும்பமாக இருக்கும்.

ஆகவே முதலில் விண்ணப்பப் படிவம் மட்டும். திகதி, எந்த நேரம், எதற்காக, யாருடைய பெயரில், மரக்கறியா, தொலைபேசி. அனுப்பியவுடன் திரையில் “இன்னும் உறுதியாகவில்லை, நாளை மாலைக்குள் அழைப்போம்” என்று தெளிவாக வர வேண்டும். இணையம், தொலைபேசி, நேரில் வந்தவர் எல்லாம் ஒரே நாட்காட்டியில் விழ வேண்டும். பகிர்ந்துகொள்ளும் கூகுள் நாட்காட்டியே போதும். கொப்பி தொடர்ந்து இருக்கலாம், ஆனால் அதில் எழுதியவர் அந்த மணித்தியாலத்துக்குள் நாட்காட்டியிலும் போட வேண்டும். இந்தப் பழக்கம் ஒன்றிரண்டு மாதம் பிசகாமல் நடந்த பிறகு, வெறுமையான நாட்களைத் தளத்தில் காட்டும் வேலையைத் தொடங்கலாம்.

அடுத்த வருடத்துக்கான நினைவூட்டலில் இரண்டு இடத்தில் தவறும். திதி ஆங்கிலத் திகதியைப் பின்பற்றாது. போன வருடம் ஓகஸ்ட் 9 என்றால் இந்த வருடமும் அதே நாள் என்று கணினி எடுத்துக்கொள்ளக்கூடாது. உத்தேச மாதத்துக்கு முன்னமே “இவ்வருடத் திகதியைச் சொல்ல முடியுமா?” என்று கேட்கும் செய்தி போகட்டும். மற்றது, பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒரே செய்தியை வைத்திருப்பது. கணவனை இழந்த ஒருவருக்கு “இந்த இனிய நாளில் வாழ்த்துகள்” என்று தானாகப் போன குறுஞ்செய்தியை எந்த மன்னிப்பாலும் துடைக்க முடியாது. படிவத்தில் ‘எதற்காக’ என்று கேட்பது இதற்காகத்தான். இரண்டு வார்ப்பையும் வேறாக எழுதி, அனுப்பும் முன் ஒருவர் பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். சுருக்கமாக எழுதாவிட்டால் மூன்று செய்திக் காசு போகும்.

வெளியில் சமைத்த சாப்பாடு எடுப்பீர்களா, எத்தனை மணிக்குள் வர வேண்டும், பிள்ளைகளோடு படம் எடுக்கலாமா என்பதைப் படிவத்துக்கு மேலேயே சொல்லிவிடுங்கள். கேக்கும் கமராவுமாக வந்த பிறகு வாசலில் வைத்து மறுப்பது இரு தரப்புக்கும் நோகும்.

பிள்ளைகளின் படம்

முகம், பெயர், இடம் மூன்றில் இரண்டு ஒரே பக்கத்தில் சேரக்கூடாது. இலங்கைப் பாடசாலைச் சீருடையில் கழுத்துப்பட்டியும் சின்னமும் இருந்தாலே எந்தப் பாடசாலை என்று தெரிந்துவிடும். அப்படியானால் இடத்தைச் சொல்லிவிட்டீர்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறும் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே வரும், தரம் குறையக்கூடாது என்று பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். தளத்தில் ஏற்றும் முன் அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில் இடத் தகவலை நீக்கிச் சேமியுங்கள். ஐந்து மெகாபைட் படம் 150 கிலோபைட்டுக்கு வந்துவிடும். பாதுகாப்பும் வேகமும் ஒரே வேலையில் முடியும்.

சம்மதப் படிவம் ஒரு பக்கம், பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ விளங்கும் மொழியில். படம் எங்கெங்கே வரும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கட்டும். படிவத்துக்கு ஒரு இலக்கம் கொடுத்து, அதையே படக் கோப்பின் பெயரில் சேருங்கள். நாலு வருடம் கழித்து, பதினெட்டு வயதான பெண் வந்து “என் படத்தை எடுத்துவிடுங்கள்” என்று கேட்பாள். இலக்கம் இருந்தால் தளம், முகநூல், ஆண்டறிக்கை மூன்றிலும் ஒரு மணித்தியாலத்தில் தேடி எடுக்கலாம். கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. அழும் முகம் கூடுதல் பணம் கொண்டுவரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்காக ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுக்க அந்த முகத்தோடு இணையத்தில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை. பாடக் கொப்பியில் எழுதும் கை, முதுகுப் பக்கமாக எடுத்த வகுப்பறை, சமையலறைப் பெரிய பானை போதுமான அளவு பேசும்.

தமிழை ஒழுங்காகக் காட்டுதல்

மூன்று மொழியிலும் முழுத் தளத்தையும் கொண்டுபோக ஆளில்லை என்றால், முகப்பு, உதவி பெற, உதவி செய்ய, எங்களைப் பற்றி, தொடர்பு, தனியுரிமை இந்த ஆறையும் மூன்று மொழியிலும் முழுமையாகச் செய்யுங்கள். தமிழ்ப் பொத்தானைத் தொட்டால் தலைப்பு மட்டும் தமிழாகி உள்ளே ஆங்கிலம் நிற்பது, உனக்கு இவ்வளவுதான் என்று சொல்வது போல. இயந்திர மொழிபெயர்ப்பை ஒருவர் உரக்க வாசித்துத் திருத்தாமல் ஏற்ற வேண்டாம். மொழி மாற்றும் இடத்தில் கொடி வேண்டாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் அந்தந்த எழுத்திலேயே எழுதி, தொட்டால் அதே பக்கத்தின் மறுமொழி வடிவம் திறக்க வேண்டும், முகப்புக்குத் தூக்கி எறியக்கூடாது. போனின் மொழியைப் பார்த்துத் தானாகத் தெரிவு செய்வதும் இங்கே பிழைக்கும். தமிழ் மட்டும் வாசிப்பவரின் போன்கூட ஆங்கில அமைப்பில்தான் இருக்கும்.

பழைய அறிக்கைகள் அநேகமாகப் பாமினி எழுத்துருவில் கிடக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம்தான் திரையில் வரும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். மாற்றிய பிறகு இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவற்றையும் கருவி தமிழாக்கிக் குழப்பியிருக்கும்.

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துரு ஒன்றில் சாதாரணம், தடிப்பு என்று இரண்டு எடை போதும். பந்தி எழுத்து 17 அல்லது 18 பிக்சல், வரியுயரம் 1.7 மடங்கு, ஆங்கிலத்துக்கு வைத்த 1.4ஐ அப்படியே விட்டால் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் விசிறியும் உரசும். ஆங்கிலத் தலைப்புக்காகத் தளத்தின் வார்ப்புரு (தீம்) போட்டிருக்கும் எழுத்து இடைவெளியைத் தமிழுக்குப் பூச்சியமாக்குங்கள், இல்லாவிட்டால் எழுத்துகள் விலகிச் சொல் சிதறித் தெரியும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், கண்பார்வை குறைந்தவரின் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கும் ஆசை நல்லதுதான். ஆனால் அதைப் பிரதி எடுத்து அனுப்பும்போது ‘கல்வி’ என்ற சொல் 45 குறிகளாக விரிந்து, விழுக்காட்டுக் குறிகளால் நிறைந்த ஒரு வால் போல வட்ஸ்அப்பில் விழும். வயதானவர்கள் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்கள். முகவரி குறுகிய ஆங்கில எழுத்தில், தலைப்பு தமிழில். இணைப்போடு வரும் முன்னோட்டப் படம் 1200க்கு 630 பிக்சல், 300 கிலோபைட்டுக்குள் இருக்கட்டும். எங்கள் நாட்டில் பெரும்பாலானோர் உங்கள் தளத்தைக் காணும் முதல் இடம் அந்தச் சின்னப் பெட்டிதான்.

வெள்ளம் வந்தால்

களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, மட்டக்குளிப் பக்கம் என்ன நடக்கும் என்பதை 2016 மே மாதம் எல்லோரும் பார்த்தோம். அந்த நேரத்தில் உட்கார்ந்து பக்கம் வடிவமைக்க முடியாது. மறைத்து வைத்த ஒரு பக்கத்தை முன்கூட்டியே மூன்று மொழியிலும் தயார் செய்யுங்கள்: மேலே திகதியும் நேரமும், தேவையானவை, இப்போது வேண்டாதவை, பொருள் ஒப்படைக்கும் இடம், மூடும் நேரம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. படம் ஒன்றும் வேண்டாம், எழுத்து மட்டும். ‘வேண்டாதவை’ பட்டியல் இல்லாவிட்டால் நனைந்த பழைய உடுப்பு மலையாகக் குவியும், குழந்தைப் பால்மாவும் சானிட்டரி நப்கினும் வராது. அலுவலகத்துக்கே தண்ணீர் ஏறினாலும் போனிலிருந்து இந்தப் பக்கத்தைத் திருத்தக்கூடிய இருவர், வேறு வேறு பகுதியில் வசிப்பவர்கள், முன்னமே பழகியிருக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பின் அதே பக்கத்தில் வந்தது, செலவானது, மிச்சம் மூன்றையும் போட்டுவிட்டுத்தான் மூட வேண்டும்.

சாவி யாரிடம்

டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, தளம் செய்து கொடுத்தவரின் சொந்த ஜிமெயிலில் பதிந்திருப்பதே கொழும்புத் தொண்டுத் தளங்கள் சாகும் மிகச் சாதாரணமான காரணம். அவர் கட்டாருக்குப் போவார். புதுப்பிக்கும் நினைவூட்டல் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போகும். ஒரு நாள் தளமும் மின்னஞ்சலும் சேர்ந்து மறையும். டொட் எல்கே முகவரியானாலும் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியானாலும், பதிவு நிறுவனத்தின் பெயரில், ஆள் மாறினாலும் மாறாத அலுவலக மின்னஞ்சலில் இருக்க வேண்டும். டொமைன், ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சேவையகத்தின் வாடகை), பராமரிப்பு மூன்றுக்குமான வருடச் செலவை நிர்வாகக் குழுவின் வரவுசெலவில் நிரந்தர வரியாக்குங்கள்.

தளத்தை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியிருந்தால் வாரம் ஒரு தடவை புதுப்பித்தல், இரண்டு நிர்வாகிக் கணக்குக்கு மேல் இல்லை, இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு. இலவசமாகக் கிடைக்கும் களவு வார்ப்புருக்களில் பின்கதவு வைத்தே தருவார்கள். தளத்தின் காப்புப் பிரதியை ஹோஸ்டிங்கிலேயே வைத்தால் அது பிரதி அல்ல. வெளியே ஒன்று, அதை மூன்று மாதத்துக்கொரு முறை வேறு இடத்தில் திறந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டு மின்னஞ்சல்கள் ஸ்பாமுக்குள் விழுந்தால், மின்னஞ்சல் உண்மையாகவே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவும் டொமைனில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். தளம் செய்தவர் அரை மணித்தியாலத்தில் போட்டுவிடலாம்.

வெளியிடும் முன் வெள்ளவத்தையில் அறுபது வயது தாண்டிய ஒருவர், கொட்டாஞ்சேனையில் உதவி கேட்டு வரக்கூடிய ஒருவர், வெளிநாட்டில் உள்ள ஒருவர் உட்பட ஐந்து பேரிடம் அவரவர் போனிலேயே தளத்தைத் திறக்கக் கொடுங்கள். “ஐயாயிரம் ரூபா அனுப்ப வேண்டும் என்று வையுங்கள், எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் விரலைப் பாருங்கள். உதவிக்கு வாய் திறக்கக்கூடாது. விரல் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்திவிட்டு, அடுத்த ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். வெளியிட்டு மூன்று மாதத்தில் தொலைபேசிக் கொப்பியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். “கணக்கு இலக்கம் அனுப்பவும்” என்ற வரி இன்னும் அதே அளவில் இருந்தால், அந்த இலக்கம் தளத்தில் மேலே ஏற வேண்டும்.